குவாண்டம் கணினி ஹார்டுவேர் வேலையும் சம்பளமும்: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

2025 அக்டோபரில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் இயற்பியல் நோபல் அறிவித்த பிறகு இந்தக் கேள்விகள் கூடிவிட்டன. 1984, 85-இல் அவர்கள் ஒரு மின்சுற்றை வைத்துச் செய்த சோதனைதான் இன்றைய குவாண்டம் சிப்புகளுக்கு அடித்தளம் என்று பேப்பரில் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு நம்மூரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: சம்பளம் எவ்வளவு? எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) சிப்புகளை அளக்கும் மைக்ரோவேவ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சாஃப்ட்வேர் பக்கம் இதில் வராது.

அண்ணாச்சி, முதல்ல இந்த வேலையில என்னதான் செய்வாக?

ஒரே வேலை கிடையாது. ஐந்தாறு தொழில்கள் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன.

கூகுள், ஐ.பி.எம். போன்றவர்கள் செய்வது மீக்கடத்திச் சிப், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் ஓடும் சுற்று. சிலிக்கான் அல்லது நீலக்கல் தகட்டின் மேல் அலுமினியம் போன்ற உலோகத்தைப் படிய வைத்துச் சுற்று வரைகிறார்கள். அதன் உயிர்நாடி ஜோசப்சன் சந்தி: இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம். இதை எலக்ட்ரான் கற்றையால் வரைந்து, வெற்றிட அறைக்குள் ஆவியாக்கிப் படிய வைப்பவர் ஒரு வகைப் பொறியாளர். எந்தச் சுற்று எந்த அதிர்வெண்ணில் பேசும் என்று கணினியில் கணக்குப் போட்டு வடிவமைப்பவர் இன்னொருவர். சிப்பைக் குளிர வைப்பவர் வேறு. 4 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் துடிப்பு அனுப்பி அதனுடன் பேசுபவர் வேறு. அந்தத் துடிப்பை உருவாக்கும் எஃப்.பி.ஜி.ஏ. பலகையை (உள்சுற்றை நிரலாலேயே மாற்றக்கூடிய சிப் உள்ள பலகை) நிரல் எழுதி ஓட்டுபவர் வேறு. அயனிகளை, அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்களை, க்யூபிட்டாகப் பிடித்துவைக்கும் வேறு வகை இயந்திரம் என்றால் மைக்ரோவேவோடு லேசரும், சிப்போடு உயர் வெற்றிட அறையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நாள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். தயாரான சிப் விரல் நகத்தளவுதான். அதை ஒரு செப்புப் பெட்டிக்குள் வைத்து, சிப்பின் ஓரத்துக்கும் பெட்டியின் பலகைக்கும் இடையே 25 மைக்ரான் அலுமினியக் கம்பியை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். தலைமுடியில் பாதிகூட இருக்காது அந்தக் கம்பி. நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினால், அல்ட்ராசோனிக் அதிர்வில் கம்பி ஒட்டிக்கொள்ளும். நல்ல பட்டுப் பாய் நெய்கிற பத்தமடைக்காரர்களுக்கு இருக்கும் கைநிதானம் இதற்கு வேண்டும். அப்புறம் பெட்டியைக் குளிரூட்டியில் மாட்டி, ஒவ்வொரு கனெக்டரையும் அளவுச் சாவியால் முடுக்கி, மூடிக் குளிர வைத்தால் அடி வெப்பநிலைக்கு வர இரண்டு நாள்வரை ஆகும். உள்ளே ஒரு கனெக்டர் தளர்ந்திருந்தால் அத்தனையையும் சூடாக்கித் திறந்து மறுபடியும் முதலிலிருந்து. பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிப்படாது.

சரி, நம்ம நாட்டுல சம்பளம் எவ்வளவு?

குவாண்டம் என்ற சொல்லுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. கையில் இருக்கும் தொழிலுக்குத்தான் சம்பளம். அரசு, தனியார் இரண்டிலும் இதுதான் நிலவரம்.

அரசு ஆய்வகத்தில் கணக்கு எளிது. இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. போன்ற இடங்களில் விஞ்ஞானி பதவியின் முதல் படி, ஊதிய அட்டவணையில் 10-ஆம் நிலை. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அகவிலைப்படியும் பெருநகர வீட்டு வாடகைப்படியும் சேர்த்தால் மாதம் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியர் முதல் நிலை என்றால் அடிப்படை 1,01,500. இவை குவாண்டம்காரருக்கும் ராக்கெட்காரருக்கும் ஒன்றுதான்.

தனியாரில் கணக்கு வேறு. ஒரு குவாண்டம் ஸ்டார்ட்அப் எஃப்.பி.ஜி.ஏ. தெரிந்த பொறியாளரை எடுக்க வேண்டும் என்றால், அதே தெருவில் இருக்கும் சிப் டிசைன் கம்பெனியோடும் 5ஜி கருவி செய்யும் கம்பெனியோடும் போட்டி போட வேண்டும். அவர்கள் கொடுப்பதை ஒட்டித்தான் இவர்களும் கொடுக்க முடியும். பல சமயம் கொஞ்சம் குறைவாகக் கொடுத்துவிட்டு மீதியைக் கம்பெனிப் பங்காகத் (ஷேர்) தருவதாகச் சொல்வார்கள். அந்தப் பங்கை இன்றைக்குச் சம்பளமாக எண்ண வேண்டாம். ஆகவே சம்பளம் தெரிய வேண்டுமானால் 'குவாண்டம் என்ஜினியர்' என்று தேடுவதைவிட, மைக்ரோவேவ், எஃப்.பி.ஜி.ஏ., நானோ ஃபேப்ரிகேஷன் (நுண்சிப் தயாரிப்பு) என்று உங்கள் தொழிலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உண்மைக்குப் பக்கத்தில் ஒரு எண் கிடைக்கும்.

இன்னொன்று: திட்டப் பணியாளர் என்று ஆய்வகங்கள் எடுக்கும் ஆட்கள் ஒப்பந்தக்காரர்கள். ஓராண்டு, பிறகு நீட்டிப்பு. அனுபவத்துக்கு அருமையான இடம். வீட்டுக் கடன் வாங்க ஏற்ற வேலை அல்ல.

படிக்கும்போது கையில என்ன வரும்? வீட்டுல அஞ்சு வருஷம் பணம் அனுப்ப முடியாது.

அனுப்பத் தேவையில்லை. நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அறிவியல், பொறியியலில் பிஎச்.டி. என்பது கட்டணம் கட்டிப் படிப்பதைவிட, சம்பளம் வாங்கிப் படிப்பதுதான்.

கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இது பெங்களூரில் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் இழுத்துப் பறித்துத்தான் போகும். பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 37,000. இரண்டு ஆண்டு கழித்து 42,000. விடுதி இல்லாவிட்டால் வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 70,000-இல் தொடங்கும். ஐ.டி. சேவைக் கம்பெனிகள் புதிதாக எடுக்கும் பையனுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் வாக்கில் கொடுக்கின்றன. ஆக, பிஎச்.டி. மாணவன் அவனைவிட ஏழையில்லை. ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து ஐ.டி. நண்பன் காரும் மனையும் வாங்கியிருப்பான், இவன் அப்போதுதான் தீசிஸ் எழுதிக்கொண்டிருப்பான். அந்த வித்தியாசத்தைத் தாங்குகிற மனசு பையனுக்கு மட்டும் இருந்தால் போதாது, வீட்டுக்கும் வேண்டும்.

பிஎச்.டி. இல்லாம உள்ள போக முடியாதா?

முடியும், ஆனால் எந்த வாசல் என்று பார்க்க வேண்டும். சிப் வடிவமைப்பு, புதிய க்யூபிட் ஆராய்ச்சி, அளவீட்டுக் குழுத் தலைமை இவற்றுக்கெல்லாம் இன்றைக்குப் பிஎச்.டி. கேட்கிறார்கள். எஃப்.பி.ஜி.ஏ., மைக்ரோவேவ் பலகை வடிவமைப்பு, இயந்திர வரைபடம், வெற்றிடம், கிளீன்ரூம் (தூசி இல்லாத தயாரிப்பு அறை) பராமரிப்பு இவற்றுக்கு பி.இ. அல்லது எம்.டெக்.கோடு கைவேலை தெரிந்தால் போதும். கம்பெனி வளர வளர இரண்டாவது வகை ஆட்கள்தான் கூடுதலாகத் தேவைப்படுவார்கள்.

எங்க பொண்ணு பாளையங்கோட்டையில பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கா. பெரிய காலேஜ் பேர் இல்லையே, எடுப்பாகளா?

எடுப்பார்கள், அம்மா. இந்தத் துறையில் பி.எஸ்சி. இயற்பியல் ஒரு குறுக்கு வழியே. பி.இ. படித்தவர்கள் பலர் குவாண்டம் இயற்பியலைப் பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். உங்கள் பெண்ணுக்கு அது பாடத்திலேயே இருக்கிறது.

எழுத வேண்டிய தேர்வுகள்: ஐ.ஐ.டி.களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் மேற்படிப்புக்கு ஜாம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஜெஸ்ட். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக்கு அவர்களுடைய தனித் தேர்வு. வழக்கமாக டிசம்பரில் நடக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றில் எந்தக் கல்லூரி என்பதைவிட மதிப்பெண்தான் முதல் வாசலைத் திறக்கும். அதற்குப் பிறகு நேர்காணல். அங்கே ஆங்கிலம் திக்கினால் பரவாயில்லை. கரும்பலகையில் ஒரு எல்.சி. சுற்றை (கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தது) வரைந்து, அதன் ஆற்றல் நிலைகள் ஏன் சம இடைவெளியில் இருக்கின்றன, ஜோசப்சன் சந்தியைப் போட்டால் ஏன் மாறுகின்றன என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதுதான் க்யூபிட்டின் மொத்த ரகசியமும்.

படிக்கும் இடத்தைப் பொறுத்தவரை: மீக்கடத்தி க்யூபிட் என்றால் மும்பை டாடா ஆய்வு நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும். தனித்த அயனி, அணு என்றால் புனே ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம்) போன்ற இடங்கள். ஒளித்துகள் என்றால் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம். சென்னையில் ஐ.ஐ.டி. இருக்கிறது, அங்கே இருப்பது மத்திய அரசின் தேசிய குவாண்டம் திட்டத்தின் தகவல்தொடர்பு மையம், கணினி மையம் பெங்களூரில்.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிச்சவனுக்கு இதுல இடமே இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது.

மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே கிரையோஜெனிக் என்ஜின்களை ஓட்டிச் சோதிக்கிறார்கள். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. அந்தக் குளிரில் எந்தக் குழாய் சுருங்கும், எந்த வெல்டில் விரிசல் விடும், எங்கே கசியும் என்று கையால் அறிந்த டெக்னீஷியன்கள் பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர்ப் பக்கம் குடியிருக்கிறார்கள். குவாண்டம் ஆய்வகத்துக் குளிரூட்டி இன்னும் கீழே போகும்: தனிச்சுழிக்கு (மைனஸ் 273 டிகிரி, அதற்குக் கீழே குளிரே கிடையாது) மேலே பத்து, இருபது மில்லிகெல்வின்தான், அதாவது ஒரு டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. மகேந்திரகிரியில் டன் கணக்கில் ஓடும் குளிர். இங்கே ஒரு கைப்பிடிச் செம்புத் தட்டைக் குளிர வைப்பதற்கு ஆள் உயர இயந்திரம். இரண்டும் வேறு வேறு கருவிகள்தான். ஆனால் ஹீலியம் கசிவுமானியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக முகர்ந்து கசிவைப் பிடிக்கும் வேலை இரண்டிலும் உண்டு. பம்பு, வால்வு, இன்டியம் சீல் (மென்மையான உலோக அடைப்பு), வெற்றிட வெல்டிங், பாதுகாப்பு ஒழுங்கு எல்லாம் அப்படியே இங்கே கைகொடுக்கும்.

அந்தக் குளிரூட்டியில் சுற்றும் வாயுவில் ஹீலியம்-3 இருக்கிறது. டிரிடியம் சிதைந்துதான் அது கிடைக்கும். வாயுவாகவே ஒரு லிட்டர் ஆயிரக்கணக்கான டாலர். ஒரு ஓ-ரிங்கைச் சரியாகப் போடாமல் விட்டால் போவது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நல்ல டெக்னீஷியனைக் கிடைத்த இடத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

சம்பளத்துக்கு அளவுகோல் வேண்டுமானால் இஸ்ரோவையே எடுத்துக்கொள்ளலாம்: ஐ.டி.ஐ. படித்தவர்கள் சேரும் டெக்னீஷியன்-பி பதவிக்கு அடிப்படை 21,700, டிப்ளமோகாரர்களின் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு 44,900. மகேந்திரகிரியில் அந்த வேலை கிடைத்தவரிடம் 'அதை விட்டுவிட்டு குவாண்டம் ஸ்டார்ட்அப்புக்குப் போ' என்று நான் சொல்ல மாட்டேன். அப்ரென்டிஸ் முடித்து நிரந்தரம் கிடைக்காமல் நிற்கிற பையன்களுக்குத்தான் இந்தக் கதவு.

கங்கைகொண்டான் சோலார் கம்பெனியில இருக்கேன். அந்த அனுபவம் இதுக்கு ஆகுமா?

எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேனல் ஒட்டும் பக்கம் என்றால் நேரடியாக ஆகாது. செல் செய்யும் பக்கம், அதாவது படலம் படிய வைப்பது, அரிப்பது, வெற்றிடக் கருவி பராமரிப்பு, கிளீன்ரூம் ஒழுங்கு என்றால் நிச்சயம் ஆகும். குவாண்டம் சிப் செய்யும் இடமும் ஒரு சிறிய கிளீன்ரூம்தான். விண்ணப்பத்தில் 'சோலார் ஆபரேட்டர்' என்று எழுதுவதைவிட, எந்த மெஷின், எந்த வாயு, என்ன பழுது நீக்கினீர்கள் என்று எழுதுங்கள். குவாண்டம் கிடைக்காவிட்டாலும் செமிகண்டக்டர் ஆலைகள் அதையே தேடுகின்றன.

வெளிநாட்டுல எவ்வளவு?

கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல், 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனி வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே யாரிடமும் கேட்க வேண்டாம். கூகுள் குவாண்டம் பிரிவின் விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். பிஎச்.டி. முடித்த ஹார்டுவேர் ஆளுக்குப் பெரிய கம்பெனிகளில் ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் டாலர் என்ற வட்டாரத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கக்கூடாது. கூகுள் குவாண்டம் ஆய்வகம் இருக்கும் சாண்டா பார்பராவில் வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விசா பெரிய தடை. வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் ஆள் எடுக்கும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அதோடு பாதுகாப்புத் துறைப் பணம் வாங்கும் சில இடங்கள் குடியுரிமை கேட்கின்றன. இங்கிருந்து நேராக வேலைக்குப் போவதைவிட அங்கே படிக்கப் போய் உள்ளே நுழைவது இன்றைக்கு நடக்கக்கூடிய வழி.

ஐரோப்பாவை நம் பிள்ளைகள் அதிகம் யோசிப்பதில்லை. ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் பல்கலைக்கழகத்தின் பணியாளர். முழு நேர ஒப்பந்தம் என்றால் வரிக்கு முன் மாதம் 4,600 யூரோவை ஒட்டிச் சம்பளம் (2025 கணக்கு). பல இடங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, முக்கால் பங்கு என்று தருவார்கள். குளிரூட்டி செய்யும் ப்ளூஃபோர்ஸ் பின்லாந்துக் கம்பெனி. டென்மார்க், நெதர்லாந்து, சுவீடன் எல்லாவற்றிலும் மீக்கடத்திச் சிப் குழுக்கள் இருக்கின்றன.

இது நிக்குமா, இல்ல புஸ்வாணமா?

யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். கூகுள் 2024 டிசம்பரில் 105 க்யூபிட் வில்லோ சிப்பைக் காட்டியது; பிழை திருத்தத்தில் அது உண்மையான முன்னேற்றம். அடுத்த மாதமே சிப் கம்பெனி என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் பயனுள்ள இயந்திரத்துக்கு 15 முதல் 30 ஆண்டு ஆகும் என்ற தொனியில் பேச, குவாண்டம் பங்குகள் ஒரே நாளில் சரிந்தன. ரிகெட்டி என்ற அமெரிக்கக் குவாண்டம் கம்பெனி 2023-இல் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான ஆட்களை அனுப்பியது. சீனாவின் அலிபாபா அதே ஆண்டு தன் குவாண்டம் ஆய்வகத்தையே மூடியது.

இந்தியாவில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 6,003.65 கோடி ரூபாய், 2030-31 வரை. எட்டு ஆண்டில் 50 முதல் 1000 க்யூபிட் வரை இயந்திரம் செய்வது இலக்கு. 2024-இல் டாடா ஆய்வு நிறுவனமும் டி.ஆர்.டி.ஓ.வும் 6 க்யூபிட் செயலியைச் சோதித்து முடித்தன. 2025 ஏப்ரலில் பெங்களூரு ஸ்டார்ட்அப் க்யூபிஏஐ 25 க்யூபிட் இயந்திரத்தை அறிவித்தது. வேலை நடக்கிறது.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். இப்போது பிளஸ் டூ முடிக்கும் பையன் பி.இ. முடிக்க 2030 ஆகும். பிஎச்.டி. முடித்து வெளியே வர 2035-ஐத் தாண்டும். இந்தத் திட்டப் பணம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். அடுத்த திட்டம் வரலாம், வராமலும் போகலாம். அதனால்தான் நான் யாரிடமும் 'குவாண்டம் படி' என்று சொல்வதில்லை. மைக்ரோவேவ் படி, எஃப்.பி.ஜி.ஏ. படி, கிரையோஜெனிக்ஸ் படி, நானோ ஃபேப்ரிகேஷன் படி. அதைக் குவாண்டம் ஆய்வகத்தில் போய்ப் பழகு என்கிறேன். துறை படுத்தாலும் ரேடார், செயற்கைக்கோள், செமிகண்டக்டர் ஆலை, எம்.ஆர்.ஐ. மெஷின் என்று போக இடம் இருக்கும்.

அமராவதியில பெருசா வருதாமே?

ஆந்திராவின் அமராவதியில் ஐ.பி.எம்.மின் 156 க்யூபிட் குவாண்டம் கணினியை நிறுவுவதாக 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் அது வாங்கி வைக்கும் இயந்திரம். அதைச் சுற்றிச் சாஃப்ட்வேர் வேலையும் கொஞ்சம் பராமரிப்பு வேலையும் வரும்; சிப் செய்யும் வேலை அதனால் மட்டும் வந்துவிடாது.

ஊர்லயே இருந்து பாக்க முடியுமா?

இப்போதைக்கு முடியாது. பெங்களூரு, மும்பை, புனே, டெல்லி, சென்னை. நாகர்கோவில்–பெங்களூரு ரயிலுக்குத் தட்கல் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

எண்பதாயிரம் ரூபா கட்டினா ஆறு மாசத்துல குவாண்டம் என்ஜினியர் ஆக்குதோம்னு ஒரு சென்டர் சொல்லுதாக. சேரலாமா?

வேண்டாம். குளிரூட்டியும் மைக்ரோவேவ் கருவியும் இல்லாத இடத்தில் ஹார்டுவேர் சொல்லித்தர முடியாது. அவை கோடிக்கணக்கில் விலை. மாடியில் நாலு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு அவர்கள் காட்டப்போவது இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் நிரல்தான். ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் பாடம் இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம். கல்லூரியில் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த குவாண்டம் துணைப்பாடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்பதாயிரத்தில் செய்ய வேறு வேலை இருக்கிறது. ஒரு சாதாரண எஃப்.பி.ஜி.ஏ. பலகையும், கையடக்க வி.என்.ஏ. (மைக்ரோவேவ் சுற்றை அளக்கும் கருவி) ஒன்றும் அதில் சிறு பங்குக்கே வாங்கலாம். பி.சி.பி.யில் ஒரு மைக்ரோஸ்ட்ரிப் ஒத்ததிர்வியை (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் அதிரும் செப்புப் பட்டை) வரைந்து, செய்து வாங்கி, அளந்து, கணக்கோடு ஏன் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடியுங்கள். சிப் வடிவமைக்க ஐ.பி.எம். தொடங்கிய கிஸ்கிட் மெட்டல், க்யூபிட்டை எஃப்.பி.ஜி.ஏ.வால் இயக்க அமெரிக்க ஆய்வகம் ஃபெர்மிலாபின் க்யூ.ஐ.சி.கே. இரண்டும் திறந்த மூலம். படித்துப் பார்க்கக் காசு இல்லை. கிளீன்ரூம் பார்த்ததே இல்லை என்றால், மத்திய அரசுப் பணத்தில் இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற இடங்களில் வெளிக் கல்லூரிக்காரர்களுக்காக நடத்தும் ஐ.என்.யு.பி. பயிற்சிக்கு ஆசிரியர் மூலம் விண்ணப்பியுங்கள்.

புரொபசருக்கு மெயில் போட்டா பதிலே வரல. எப்படி எழுதணும்?

'மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் குவாண்டத்தில் மிகுந்த ஆர்வம்' என்று நாற்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் வராது. ஒருவருடைய ஒரு கட்டுரையைப் படியுங்கள். புரியாத ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் செய்து அளந்த ஒத்ததிர்வியின் வரைபடத்தை இணையுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம்.

அதோடு நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் போடுங்கள். இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் இருக்கலாம், உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடியும். அதற்கு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும், அதனால் தீபாவளி லீவு விடுவதற்கு முன்பே அவரிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.